சாவி கையிலுள்ள நாயகிகள்

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே சுகமாயிருக்கிறோம். என் கிண்டில் உன் கணக்கில் ஓடுவதால் நான் வாங்கும் புத்தகமெல்லாம் உன் கண்ணிலும் படுகிறது. கல்லூரி நூலகத்தில் வாழ்நாளின் பாதியைக் கழித்த அம்மா, ஓய்வு பெற்ற பிறகு ஏன் காதல் நகைச்சுவை நாவல்களாக, அதிலும் இளமை கடந்த பெண்கள் நாயகிகளாக வருகிற நாவல்களாகத் தேடித் தேடி வாங்குகிறாள் என்று கேட்டாய். உன் குரலில் கேலி கொஞ்சமும் கவலை கொஞ்சமும் இருந்தன. தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுத உட்கார்ந்தேன். இதைக் கல்யாணப் பேச்சின் மாறுவேடம் என்று எடுத்துக்கொள்ளாதே. அந்தப் பேச்சை உன் அத்தைமார் போதுமான அளவுக்குப் பேசிவிட்டார்கள். அப்பாவுக்கு மாற்றாக நான் யாரையும் தேடிக்கொண்டிருக்கவும் இல்லை.

இளம் நாயகியின் கதை எப்படிப் போகும் என்பது உனக்குத் தெரியும். அவளுக்கு இருபது அல்லது இருபத்திரண்டு வயது. சொந்தமாக வீடு இல்லை, பணம் இல்லை, தன்னைப் பற்றிய தெளிவும் இன்னும் வரவில்லை. கல்யாணம் வந்து இவை மூன்றையும் ஒரே நாளில் தந்துவிடுகிறது. மூத்த நாயகியிடமோ ஏற்கெனவே ஒரு வாழ்க்கை இருக்கிறது. வீட்டுச் சாவி அவள் கையில் இருக்கிறது. எந்த உறவினரிடம் எதைப் பேசக் கூடாது, எந்த வேலையை யாரிடம் ஒப்படைக்கக் கூடாது, தனக்கு என்னென்ன ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் தெரிந்தவள் அவள். வருகிறவன் அவளுக்குப் பெரிதாக எதையும் கொண்டுவந்துவிடப் போவதில்லை. அவள்தான் சிலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். ஆகையால் கதையின் கேள்வியே வேறாகிவிடுகிறது. இவளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. இவள் கதவைத் திறக்கும் அளவுக்கு அவன் தகுதியுள்ளவனா என்றுதான் ஒவ்வொரு பக்கத்திலும் பார்த்துக்கொண்டு போகிறோம். அதற்காகத்தான் நான் வாசிக்கிறேன்.

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினிடமிருந்து தொடங்குகிறேன். 1811-இல் வந்த அவருடைய முதல் நாவலில் மரியான் என்ற பதினேழு வயதுப் பெண், இருபத்தேழு வயதான ஒருத்திக்கு இனிக் காதலிக்கும் யோகமும் இல்லை, காதலிக்கப்படும் யோகமும் இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறாள். 1813-இல் வந்த இரண்டாவது நாவலில் ஷார்லட் லூக்கஸ் என்ற பெண்ணுக்கு இருபத்தேழு வயது. தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்பதற்காக, அறிவு மட்டான ஒரு பாதிரியாரை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறாள். ஆஸ்டின் 1817 ஜூலையில் நாற்பத்தொன்றாம் வயதில் இறந்தார். அந்த டிசம்பரில் வெளிவந்த ‘பர்ஸ்வேஷன்’ நாவலின் நாயகி ஆன் எலியட்டுக்கும் அதே இருபத்தேழு வயதுதான். முதலில் தீர்ப்பாகவும் பிறகு சமரசமாகவும் வந்த அந்த வயது மூன்றாவது முறை நாயகியின் வயதாகிவிட்டது. ஆஸ்டினின் வாழ்க்கையிலும் அந்த வயது ஒரு தடம் பதித்திருக்கிறது. 1802 டிசம்பர் தொடக்கத்தில், இருபத்தேழாம் பிறந்தநாளுக்கு இரண்டு வாரங்களே இருக்கும்போது, ஒரு பெரிய பண்ணையின் வாரிசான ஹாரிஸ் பிக்-விதர் அவரை மணக்கக் கேட்டார். ஆஸ்டின் இரவில் சம்மதம் சொன்னார்; மறுநாள் காலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அந்த வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அந்தக் காலை இல்லையென்றால் நமக்கு அந்த நாவல்களே கிடைத்திருக்குமோ என்னவோ.

ஆன் எலியட்டின் கதை சோகமானது என்று பலரும் நினைக்கிறார்கள். பத்தொன்பது வயதில் கடற்படை அதிகாரி வென்ட்வொர்த்தைக் காதலித்து, பெரியவர்களின் பேச்சைக் கேட்டு அவரை விலக்கிவிட்டு, எட்டு ஆண்டுகள் தன்னிலேயே வாடியவள் என்று சுருக்கினால் சோகம்தான். ஆனால் அவளைச் சுற்றியிருப்பவர்களைப் பார். அவளுடைய தகப்பனார் சர் வால்டருக்கு ஐம்பத்து நான்கு வயது. ஊரில் எல்லாரும் கிழடு தட்டிப்போக, தான் மட்டும் வாடாமல் இருப்பதாக நம்புகிறவர். இங்கிலாந்தின் பாத் நகரத்துக் கடை ஒன்றில் நின்றுகொண்டு தெருவில் போகிற பெண்களை எண்ணுகிறார். தொடர்ச்சியாக எண்பத்தேழு பேரில் பார்க்கச் சகிக்கிற முகம் ஒன்றுகூட இல்லை என்று கணக்குச் சொல்கிறார். கடன் முற்றி அவர் மாளிகையை அட்மிரல் கிராஃப்ட்டுக்கு வாடகைக்கு விட்டதும், அட்மிரல் முதலில் செய்கிற காரியம், உடுத்தும் அறையிலிருந்த பெரிய நிலைக்கண்ணாடிகளை அப்புறப்படுத்துவதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே தெரிந்தால் மனிதன் என்ன செய்வான் என்று அவருக்குச் சங்கடம். ஒரு பெண்ணின் அழகு போய்விட்டதைப் பற்றிப் பேசுகிற வீட்டில் கண்ணாடியை விட்டுப் பிரிய முடியாதவர் அந்த வீட்டு ஆண் என்று ஆஸ்டின் சிரித்துக்கொண்டே காட்டிவிடுகிறார்.

நூலகத்தில் இருந்த காலத்திலேயே என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்த நாவலின் முடிவு. ஆஸ்டின் 1816 ஜூலையில் ஒரு முடிவை எழுதி முடித்தார். மனம் ஒப்பாமல் ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் அதை மாற்றி எழுதினார். கைவிடப்பட்ட அத்தியாயங்களின் கையெழுத்துப்படி இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அந்தப் பழைய முடிவில், ஆன் வேறொருவரை மணக்கப் போகிறாளா என்று விசாரித்துவரும்படி அட்மிரல் வென்ட்வொர்த்தை ஏவுகிறார். அந்தச் சங்கடத்தில் உண்மை வெளிப்பட்டு இருவரும் சேர்கிறார்கள். சிரிப்பு வரத்தான் செய்கிறது, ஆனால் ஆன் அங்கே பெரும்பாலும் சும்மா இருக்கிறாள். புதிய முடிவில், பாத் நகரத்து வெள்ளை மான் விடுதியில், அவள் கேப்டன் ஹார்வில் என்பவரோடு ஆணின் அன்பு நீடிக்குமா பெண்ணின் அன்பு நீடிக்குமா என்று வாதாடுகிறாள். நூல்களெல்லாம் உங்களுக்குச் சாதகமாகத்தான் பேசும், ஏனென்றால் பேனா இதுவரை ஆண்களின் கையில் இருந்திருக்கிறது என்கிறாள். அதே அறையில் மேசையில் வேறேதோ கடிதம் எழுதிக்கொண்டிருந்த வென்ட்வொர்த் அதைக் கேட்டுவிட்டு, தன் பேனாவை அவளுக்கு எழுதுவதற்குத் திருப்புகிறார். பத்தொன்பது வயது ஆனுக்கு அப்படிப் பேச வந்திருக்காது. எட்டு ஆண்டுகள் அவள் மனத்துக்குள் புரட்டிப் பார்த்த வாதம் அது. அவளுடைய தோற்றத்தைப் பார்த்து அவர் திரும்பி வரவில்லை, அவள் பேசியதைக் கேட்டுத் திரும்பி வந்தார் என்பது எனக்கு இந்த வகை நாவல்களின் ஆதாரமாகவே தோன்றுகிறது.

நம் உலா இலக்கியத்தைப் பற்றி உனக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் பவனி வருகிற தலைவனைக் கண்டு மயங்குவார்கள். உலாவுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் பேரிளம்பெண்ணுக்கு நாற்பது வயதை எல்லையாக வைத்திருக்கின்றன. நாற்பது வரைக்கும் இடம் கொடுத்ததே தாராளம்தான். ஆனால் அந்த ஏழு பேரும் நின்று பார்க்கிறார்கள், உருகுகிறார்கள், தலைவனைச் சுமந்த யானை போய்விடுகிறது. அவனோடு நான்கு வார்த்தை பேசி, அவன் அசடா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒருத்திக்கும் வாய்ப்பில்லை.

ஆஸ்டினுக்குப் பிறகு அதே பாத் நகரத்துக்கு நம்மைத் திரும்ப அழைத்துப் போகிறவர் ஜார்ஜெட் ஹேயர். 1902-இல் பிறந்து 1974-இல் இறந்தவர். ஆஸ்டின் காலத்து இங்கிலாந்தை வைத்து இருபதாம் நூற்றாண்டில் எழுதியவர். தம் அறுபதுகளிலும் எழுபதிலும் அவர் எழுதிய நாயகிகளுக்கு வயது கொஞ்சம் ஏறிவிடுகிறது. 1966-இல் வந்த ‘பிளாக் ஷீப்’ நாவலின் அபிகெய்லுக்கு இருபத்தெட்டு. தன் அண்ணன் மகளை ஒரு சொத்து வேட்டைக்காரனிடமிருந்து காப்பாற்றக் கிளம்பி, அவனுடைய சித்தப்பாவிடம் தானே அகப்பட்டுக்கொள்கிறாள். அந்தச் சித்தப்பா குடும்பத்தால் இந்தியாவுக்கு விரட்டப்பட்டு, இங்கே பணம் சேர்த்துக்கொண்டு திரும்பியவர் என்பதை நம்மவர்கள் கொஞ்சம் முறைப்போடு வாசிக்கலாம். 1972-இல் வந்த ‘லேடி ஆஃப் குவாலிட்டி’யின் ஆனிஸுக்கு இருபத்தொன்பது, அழகும் பணமும் உள்ளவள், அண்ணன் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பாத் நகரத்தில் தனி வீடு எடுத்திருக்கிறாள். ஊர்வாயை அடைக்க ஓயாமல் பேசுகிற ஓர் ஒன்றுவிட்ட உறவுக்காரியைத் துணைக்கு வைத்திருக்கிறாள், அந்த அம்மாளின் பேச்சுதான் அவள் சுதந்திரத்துக்குக் கொடுக்கிற விலை.

இதில் சட்டம் ஒன்று ஒளிந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறவரை, பெண் கல்யாணம் செய்துகொண்டால் அவளுடைய பணமும் பொருளும் பொதுவாகக் கணவன் வசமாகிவிடும். பெரிய குடும்பங்கள் ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கொஞ்சம் காப்பாற்றிக்கொண்டன. ஆனால் வயது வந்த, மணமாகாத பெண்ணும் விதவையும் தங்கள் சொத்தைத் தாங்களே ஆளலாம். கையில் பணமுள்ள இருபத்தொன்பது வயதுக்காரி அந்தச் சமூகத்தில் மற்ற எந்தப் பெண்ணையும்விடச் சுதந்திரமானவள். ஊரார் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் வங்கிக் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் ஆனிஸ் தயங்குகிறபோது அது வெறும் நாணம் என்று நமக்குத் தோன்றுவதில்லை. அவள் எதை இழப்பாள் என்று பட்டியல் போட்டுச் சொல்ல முடியும். லண்டனிலேயே மரியாதை தெரியாதவர் என்று பெயரெடுத்த ஒருவரோடு அவள் நடத்துகிற வாய்ச்சண்டைகளின் ருசி அங்கிருந்துதான் வருகிறது.

சாவியே இல்லாத நாயகியும் உண்டு. வினிஃப்ரெட் வாட்சன் 1938-இல் எழுதிய ‘மிஸ் பெட்டிக்ரூ லிவ்ஸ் ஃபார் எ டே’ என்ற சின்ன நாவல் நீ முதலில் வாசிக்க வேண்டியது. மிஸ் பெட்டிக்ரூவுக்கு நாற்பது வயது. பாதிரியார் வீட்டுப் பெண்; பிறர் குழந்தைகளுக்கு வீட்டோடு இருந்து பாடம் சொல்லிக் கொடுப்பவள், அதிலும் கெட்டிக்காரி அல்ல. அன்று வேலை கிடைக்காவிட்டால் தங்குகிற அறையும் பறிபோகும். வேலை தேடித் தருகிற அலுவலகம் பிசகாக அவளை ஓர் இரவு விடுதிப் பாடகியின் அடுக்குமாடி வீட்டுக்கு அனுப்பிவைக்கிறது. அங்கே ஒரு குழந்தையும் இல்லை; மூன்று காதலர்கள்தான் இருக்கிறார்கள், ஒருவர் வந்தால் இன்னொருவரை ஒளிக்க வேண்டும். மணி போட்டு அத்தியாயங்கள் பிரிக்கப்பட்டு, ஒரே நாளில் கதை முடிந்துவிடுகிறது. எனக்குப் பிடித்தது என்னவென்றால், அத்தனை ஆண்டுகள் அதட்டுகிற எஜமானிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள், அந்த எஜமானிக் குரலையே எடுத்து, போக மறுக்கிற ஆண்களை வாசலுக்கு அனுப்பிவைக்கிறாள். பட்ட அவமானமெல்லாம் அன்றைக்குக் கைத்தொழிலாகிவிடுகிறது. மாலையில் அவளைக் கவனிக்கிறவரும் இளவரசர் அல்ல. பெண்களின் உள்ளாடை தயாரிப்பில் பணம் சம்பாதித்த, தலை நரைத்த, நல்ல மனிதர். யூதர்களையும் வெளிநாட்டவரையும் பற்றி அங்கங்கே வருகிற சில வரிகள் அக்கால இங்கிலாந்தின் அழுக்கு. வாசிக்கும்போது முகம் சுளிக்கும், சுளிக்கவும் வேண்டும். போர் வந்ததில் மறக்கப்பட்ட இந்தப் புத்தகத்தை லண்டனின் பெர்செஃபனி பதிப்பகம் 2000-இல் மறுபடி அச்சிட்டது. தொண்ணூறைத் தாண்டியிருந்த வாட்சன் அதைக் கண்ணால் பார்த்துவிட்டு 2002-இல் இறந்தார்.

இனி பார்பரா பிம். என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் இவர்தான், காரணம் இலக்கியம் மட்டும் அல்ல. ‘சம் டேம் கஸெல்’ என்ற அவருடைய முதல் நாவல் 1950-இல் வந்தது. ஐம்பதைத் தாண்டிய பெலிண்டா, ஹேரியட் என்ற இரண்டு அக்கா தங்கை, கல்யாணம் ஆகாதவர்கள், ஓர் ஆங்கிலக் கிராமத்தில் கோயிலை ஒட்டி வாழ்கிறார்கள். புதிதாக வந்திருக்கிற உதவி குருவின் உள்ளாடை நுனி காலுறைக்குள் செருகப்பட்டு வெளியே தெரிகிறதே என்ற கவலையோடு நாவல் தொடங்குகிறது. ஹேரியட் ஒவ்வொரு உதவி குருவையும் இரவு விருந்துக்குக் கூப்பிட்டுக் கோழி அவித்துப் போடுகிறாள். பெலிண்டா முப்பது ஆண்டுகளாக அந்த ஊர் ஆர்ச்டீக்கனை, அதாவது மூத்த குருவான ஐயரை, நேசிக்கிறாள். அவருக்கோ மனைவி இருக்கிறாள், ஒருவருக்கும் புரியாத கவிதை மேற்கோள்களை அடுக்கி நீளமாகப் பிரசங்கம் செய்கிற பழக்கமும் இருக்கிறது. இதை வாசிக்கும்போது நம் சேகரத்தை, நம் திருச்சபை வட்டாரத்தை, நினைக்காமல் உன்னால் இருக்க முடியுமா? மணமாகாத உதவி குரு வந்து இறங்கிய வாரத்தில் எத்தனை வீடுகளிலிருந்து தூக்குப்பாத்திரத்தில் குழம்பு போனது என்பதை நீயே பார்த்திருக்கிறாய். அசனம் என்கிற சபைப் பொதுவிருந்துக்கு எந்தப் பெண்மணி காய்கறி நறுக்குவது, யார் பரிமாறுவது என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நடக்கிற மௌன யுத்தத்தை பிம் பார்த்திருந்தால் இன்னொரு நாவல் எழுதியிருப்பார். திருநெல்வேலிக்கு ஆங்கிலேய மிஷனரிகள் கொண்டுவந்தவற்றில் ஞானப்பாட்டும் பள்ளிக்கூடமும் மட்டும் இல்லை, இந்த நாடகமும் ஒன்று.

அந்த நாவலில் சகோதரிகளைத் தேடி வரன்கள் வரத்தான் செய்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து விடுமுறையில் வந்த பேராயர் ஒருவர் பெலிண்டாவைக் கேட்கிறார். புற அழகில் நீ சிறந்தவள் அல்ல என்ற பொருள்படும் கவிதை ஒன்றையும் கூடவே சொல்லி, நம் வயதில் மதிப்பு இருந்தால் போதும் என்கிற தோரணையில் கேட்கிறார். பெலிண்டா மறுத்துவிடுகிறாள். ஹேரியட்டை ஓர் இத்தாலியப் பிரபு காலம் தவறாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவளும் காலம் தவறாமல் மறுக்கிறாள், இருவருக்கும் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. கடைசியில் நடக்கிற திருமணம் உதவி குருவுடையது. அவருக்குப் பதிலாக வருகிற புதிய உதவி குருவைப் பார்த்து ஹேரியட் முகம் மலர்கிறது, சகோதரிகள் தங்கள் வீட்டில் தங்கள் தேநீரோடு இருந்துகொள்கிறார்கள். கல்யாணத்தில் முடிந்தால்தான் நகைச்சுவை என்று ஆயிரம் ஆண்டுகளாக இருந்த வழக்கத்தை, கல்யாணத்தை மறுப்பதையே மங்கள முடிவாக வைத்து பிம் மாற்றிப் போட்டார். காதல் நகைச்சுவை வரிசையில் இதைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் முதல் இடத்தில் சேர்ப்பேன்.

இதில் வியப்பு என்னவென்றால், பிம் இந்த நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பு முடித்து, ஒருதலைக் காதலில் அடிபட்டிருந்த நேரம். தன்னையும் தங்கை ஹிலரியையும் ஐம்பது வயதுப் பெண்களாகக் கற்பனை செய்து, தன்னை விரும்பாதவரை ஆர்ச்டீக்கனாக்கி உட்கார வைத்துவிட்டார். பிற்காலத்தில் சகோதரிகள் இருவரும் மெய்யாகவே ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். 1963-இல் அவருடைய ஏழாவது நாவலைப் பதிப்பகம் திருப்பி அனுப்பியது. அடுத்த பதினான்கு ஆண்டுகள் யாரும் அவரைப் பதிப்பிக்கவில்லை. 1977 ஜனவரியில் டைம்ஸ் லிட்டரரி சப்ளிமென்ட் பத்திரிகை, உரிய மதிப்புப் பெறாத எழுத்தாளர்கள் யார் என்று பலரிடம் கேட்டபோது, கவிஞர் ஃபிலிப் லார்கினும் டேவிட் செசிலும் தனித்தனியாக அவர் பெயரையே சொன்னார்கள். அந்த ஆண்டே அவருடைய புதிய நாவல் வந்து புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. 1980 ஜனவரியில் அவர் இறந்தார். அவர் கதைகளில் வருகிற பெண்களைப் போலவே தாமதமாக வந்து சேர்ந்த புகழ்.

பிரிட்ஜெட் ஜோன்ஸை உனக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கல்லூரியில் படிக்கும்போது அதை என்னிடமிருந்து ஒளித்து வைத்துப் படித்தவள் நீ. ஹெலன் ஃபீல்டிங்கின் அந்த நாவல் வந்தது 1996-இல். அதே ஆண்டு அமெரிக்காவில் டெரி மக்மிலன், மணமுறிவு பெற்ற நாற்பத்திரண்டு வயது ஸ்டெல்லா ஜமைக்காவுக்கு விடுமுறை போய், தன் வயதில் பாதியே ஆன இளைஞனிடம் மனத்தைப் பறிகொடுக்கும் கதையை எழுதினார். பிரிட்ஜெட் முப்பதுகளிலேயே தன்னைக் கிழவி என்று புலம்புகிறாள். ஸ்டெல்லா வேலை, வீடு, மகன் எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்துகொண்டு, யார் என்ன சொன்னால் என்ன என்று நடக்கிறாள். பிறகு 2013-இல் ஹெலன் ஃபீல்டிங் பிரிட்ஜெட்டை ஐம்பத்தொரு வயது விதவையாக, இரண்டு சின்னக் குழந்தைகளோடு திரும்பக் கொண்டுவந்தார். அவள் கணவன் மார்க் டார்சியைக் கொன்றுவிட்டார் என்று வாசகிகள் கொதித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. முன்பு அவள் எடையையும் சிகரெட்டையும் எண்ணிக்கொண்டிருந்தாள், இப்போது பிள்ளைகளின் தலையில் பேன் பார்த்துக்கொண்டே தன்னைவிட இருபது வயது இளையவனுக்கு என்ன பதில் எழுதலாம் என்று யோசிக்கிறாள். துக்கம் இருக்கிற வீட்டில் பேனும் இருக்கும். அதை ஒரே பக்கத்தில் வைத்து எழுத முடிகிறவர்கள் குறைவு.

இப்போது உனக்குச் சற்று அசௌகரியமான இடத்துக்கு வருகிறேன். பழைய ரோமானிய நாடகங்கள் தொட்டே காதல் நகைச்சுவையில் குறுக்கே நிற்பவர் தகப்பன் அல்லது கிழட்டுப் பாதுகாவலர். இளையவர்கள் தந்திரம் செய்து அவரை வெல்வார்கள். நாயகிக்கு வயது ஏறியதும் அந்தக் கிழவரின் நாற்காலி காலியாகிவிடுகிறது. அதில் வந்து உட்காருகிறவர்கள் யார் தெரியுமா? வளர்ந்த பிள்ளைகள். 2010-இல் ஹெலன் சைமன்சன் எழுதிய ‘மேஜர் பெட்டிக்ரூஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’ இதை அழகாகச் செய்கிறது. (முன்பு சொன்ன மிஸ் பெட்டிக்ரூவுக்கும் இவருக்கும் உறவில்லை, ஆங்கிலேயர்களிடம் பெயர்ப் பஞ்சம்.) ஓய்வு பெற்ற மேஜருக்கு அறுபத்தெட்டு, கிராமத்துக் கடைக்காரர் திருமதி அலிக்கு ஐம்பத்தெட்டு, இருவரும் துணையை இழந்தவர்கள். தம்பி இறந்த செய்தி வந்த நிமிடத்தில் தன் மறைந்த மனைவியின் பூப்போட்ட வீட்டு அங்கியோடு மேஜர் கதவைத் திறக்க, செய்தித்தாள் பாக்கி வாங்க வந்த திருமதி அலி எதிரே நிற்கிறார். அந்தக் கோலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் தேநீர் போட்டுக் கொடுக்கிறார். பெற்றோர் பாகிஸ்தானிலிருந்து வந்தவர்கள் என்றாலும் அவர் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். ஆங்கிலேயரான மேஜரோ லாகூரில் பிறந்தவர். ஆனாலும் கிராமத்தாருக்கு அந்நியர் யார் என்பதில் சந்தேகமே இல்லை.

மேஜரின் மகன் லண்டனில் பணம் பண்ணுகிறவன். அப்பாவின் பரம்பரைத் துப்பாக்கிகளை எப்போது விற்கலாம் என்பதிலும், அப்பா யாரோடு நடந்தால் தன் மதிப்பு குறையும் என்பதிலுமே குறியாயிருக்கிறான். திருமதி அலியின் பக்கத்தில் கணவர் வீட்டார், விதவை கடையைக் கணவர் வழி உறவுப் பையனிடம் விட்டுவிட்டு ஒரு மூலையில் ஓய்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். யாரும் கொடியவர் அல்ல. எல்லாரும் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். அந்த அக்கறைதான் நகைச்சுவை. நீ தொலைபேசியில் என்னிடம் முதலில் கேட்பது இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி, இரண்டாவதாக முழங்காலைப் பற்றி. நான் என்ன வாசிக்கிறேன் என்று கேட்டது இதுதான் முதல் தடவை, அதுவும் கணக்கில் பணம் போனதால். குறையாகச் சொல்லவில்லை, மகளே. உன் பாட்டியிடம் நானும் மாத்திரையைத்தான் கேட்டேன். ஆனால் ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி எழுத்தாளர் கிப்ளிங்கைப் பற்றி ஒருவரோடு விவாதிக்க ஆசைப்படுகிறாள், அதற்காக ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்திருக்கிறாள் என்று ஒரு நாவல் சொல்லும்போது, மூட்டுவலியைத் தவிர வேறு செய்தியும் அவளிடம் உண்டு என்று யாரோ நினைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு நிறைவு.

எல்லாவற்றையும் நான் மெச்சுகிறேன் என்று நினைத்துவிடாதே. அண்மைக் காலத்தில் வருகிறவற்றில் பாதியை நடுவிலேயே மூடிவிடுகிறேன். கணவன் இளம் பெண்ணோடு ஓடிப்போகிறான். உடனே கடற்கரை ஊரில் ஒரு பெரியம்மா இறந்து, ரொட்டிக் கடையையோ புத்தகக் கடையையோ இவளுக்கு எழுதிவைக்கிறார். அடுத்த வாரமே நாயோடு ஒரு தச்சர் வருகிறார். கடைக்கு வரி யார் கட்டுகிறார்கள், இவளுடைய தாயாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு வரியும் இராது. ஐம்பது வயது என்று அட்டையில் போட்டுவிட்டு, உள்ளே இருபத்தைந்து வயதுப் பெண்ணின் மனத்தை வைத்து, அங்கங்கே மூக்குக்கண்ணாடியையும் உடம்புச் சூட்டையும் தூவிவிடுகிறவர்களும் உண்டு. வயது என்பது நரை மட்டும் இல்லையே. ஒருவன் பேசுவதைக் கேட்கும்போதே அவன் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துக் கேட்கிற காதும் வயதோடுதான் வருகிறது. ஆன் எலியட்டுக்கு அது இருந்தது, பெலிண்டாவுக்கு இருந்தது, திருமதி அலிக்கு இருக்கிறது. அது இல்லாத நாயகிக்கு எத்தனை வயது போட்டாலும் எனக்கு உறக்கம்தான் வருகிறது.

நீ ப்ரிஸ்டலில் இருப்பதால் உனக்கு ஒரு வேலை தருகிறேன். பாத் நகரம் உனக்கு ரயிலில் கால் மணி நேரம்தான். வெள்ளை மான் விடுதி இடிக்கப்பட்டுப் போய்விட்டது. எதிரே இருந்த பம்ப் ரூம் என்ற பழைய மண்டபம் இன்னும் இருக்கிறது. விடுமுறை நாளில் போய், சர் வால்டர் நின்று எண்ணிய பாண்ட் தெருவைப் பார்த்துவிட்டு வா. ‘பர்ஸ்வேஷ’னை அவசரப்பட்டு முடிக்காதே, வென்ட்வொர்த்தின் கடிதம் உள்ள இருபத்துமூன்றாம் அத்தியாயத்துக்கு வருகிற அன்று இரவு வேலை வைத்துக்கொள்ளாதே. மிஸ் பெட்டிக்ரூவை ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். பிம் நாவல்கள் பழைய புத்தகக் கடைகளில் அகப்பட்டால் அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கிறிஸ்துமஸுக்கு வரும்போது எடுத்து வா. எழுத்து மட்டும் பெரிதாயிருக்கட்டும். இரண்டு பிரதி கிடைத்தால் இரண்டையும் வாங்கு. நம் சேகரத்து ஐயரம்மாவுக்கு ஒன்று கொடுக்கலாம் என்றிருக்கிறேன், அந்த ஆர்ச்டீக்கனின் பிரசங்கம் வருகிற பக்கத்தில் அடையாளம் வைக்காமல்.

அன்புடன்,
அம்மா